கனடாவில் பூத்த புளிச்சக்கீரை

1. சட்டைப்பையில் இலை இல்லை

ஐப்பசி மழை சற்றே விட்டிருந்த ஒரு வியாழக்கிழமை காலையில் கலியபெருமாள் என் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். திருப்பனந்தாள் பக்கத்து விவசாயி. நான் அங்கே வேளாண்மை அலுவலராக, அதாவது ஏ.ஓ.வாக, இருந்த நாளிலிருந்து பழக்கம். ஓய்வு பெற்று நான் திருவிடைமருதூருக்குக் குடிவந்த பிறகும், சம்பா நட்டு முடித்ததும் ஒரு தடவையாவது வந்துவிடுவார். வரும்போது சட்டைப்பையில் ஓர் இலை இருக்கும்.

இந்த இலை விஷயத்தை இளைய அலுவலர்கள் தெரிந்துகொள்வது நல்லது. விவசாயிகள் வயலிலேயே ஆக மோசமான இலை எதுவோ அதைத்தான் பறித்து வருவார்கள். பஸ் டிக்கெட்டோடும் பீடிக்கட்டோடும் பையில் நசுங்கி நம் மேஜைக்கு வரும்போது அதற்கு உயிர் இருக்காது. பிணத்தின் நாடியைப் பிடித்து என்ன காய்ச்சல் என்று சொல்வதுதான் நம் உத்தியோகம்.

அன்று பையில் இலை இல்லை. போன் இருந்தது.

"சார், புளிச்சக்கீரை மஞ்சள் அடிக்குது."

"நீங்க எப்ப கீரை போட்டீங்க?"

"என் வயல்ல இல்ல சார். கனடாவுல."

அவருடைய ஒரே மகன் பிரகாஷ் தஞ்சாவூரில் பொறியியல் படித்தவன். கனடாவுக்குப் போய்ச் செடி வளர்ப்பில் ஒரு டிப்ளமோ வாங்கி, அங்கேயே ஒரு மூலிகைக் கம்பெனியில் சேர்ந்திருந்தான். கண்ணாடி வீடு கூட இல்லை, ஜன்னலே இல்லாத அறை. விளக்குதான் சூரியன், மின்விசிறிதான் காற்று. அங்கே புளிச்சக்கீரை வளர்ப்பதாக அப்பாவிடம் சொல்லியிருந்தான்.

போனில் இருந்த படத்தைப் பார்த்தேன். திருவிழா சீரியல் செட்டுக்குள் தோட்டம் போட்டதுபோல ஒரே கத்தரிப்பூ நிறம். அந்த வெளிச்சத்தில் கீரை மட்டுமல்ல, படத்தின் ஓரத்தில் தெரிந்த பிரகாஷின் கைகூட நோய் பிடித்த மாதிரிதான் இருந்தது. இலை ஐந்து விரலாக விரிந்திருந்தது, ரம்பப் பல்லும் இருந்தது. சரிதான். ஆனால் விரல்கள் காம்புவரைக்கும் தனித்தனியாகப் பிரிந்திருந்தன. அது அவ்வளவு சரியில்லை.

"பூத்திருக்கு போலிருக்கே. பூத்த கீரையை எவன் வாங்குவான்?"

"அங்க பூவைத்தான் வாங்குவாங்களாம் சார்."

"இலையை?"

"இலையைக் கழிச்சிடுவாங்களாம்." சொன்னபோது கலியபெருமாள் கூரையைப் பார்த்தார். "வெள்ளைக்காரன் சார். நாம என்னத்தைச் சொல்றது?"

பிறகு விஷயத்துக்கு வந்தார். பிரகாஷ் பொறுப்பில் முதன்முதலாக ஓர் அறையைக் கொடுத்திருக்கிறார்கள். பூக்கும் நேரத்தில் இலையெல்லாம் கெட ஆரம்பித்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை மேனேஜர் அறையைப் பார்க்க வருகிறார். என்ன கோளாறு என்றே தெரியாமல் நின்றால் அறை வேறு ஆளுக்குப் போய்விடும், வேலையும் போகும். வேலை போனால் அங்கே தங்கும் பர்மிட்டும் போய்விடும்.

"மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்துடுவான் சார்" என்றார். "வந்தா சோறு இருக்கு. ஆனா அவன் தோத்துட்டு வர்றதை நான் பார்க்க வேணாம்னு இருக்கு."

கத்தரிப்பூ நிறப் படத்தை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன், பையனோடு நேரடியாகப் பேசினால்தான் ஆகும் என்றேன். படத்தை என் போனுக்கு அனுப்பிவிட்டுப் போனார்.

2. துறை சார்ந்த இன்னொரு கருத்து

எதிர்வீட்டு அந்தோணிசாமி ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர். சாயங்காலம் இருவரும் சேர்ந்து நடப்போம். கனடாக்காரர்கள் புளிச்சக்கீரைப் பூவைச் சாப்பிடும் அதிசயத்தைச் சொல்லிப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். நடப்பதை நிறுத்திவிட்டார்.

"ஏ.ஓ., இந்தப் படம் உங்க போனுக்கு எப்படி வந்துச்சு?"

குரல் மாறியிருந்தது. அவரது சர்வீஸ் குரல். நான் முன்பு கேட்டதில்லை.

"தெரிஞ்ச விவசாயி ஒருத்தர் அனுப்பினார். பையன் கனடாவுல…"

"கனடாவா? அப்ப சரி." மூச்சு விட்டார். "யோவ், இது கஞ்சாய்யா!"

டீக்கடை வாசலில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன். அங்கிருந்தும் அது பளபளத்ததால் மறுபடி எடுத்து அணைத்தேன்.

அரசுப் பணியில் நெல், உளுந்து, வாழை, கரும்பு என்று பார்த்தவன் நான். பூத்த கஞ்சாவைப் பார்க்கும் வாய்ப்பை வேளாண்மைத் துறை எனக்குத் தரவில்லை. காவல் துறை அந்தோணிசாமிக்குத் தந்திருந்தது.

"நிச்சயமா? புளிச்சக்கீரையும் கிட்டத்தட்ட இப்படித்தானே இருக்கும்?"

"எனக்கா சொல்றீங்க? சர்வீஸ்ல சேர்ந்த புதுசுல, சந்தையில ஒரு கிழவிகிட்ட ஒரு கட்டு புளிச்சக்கீரையை கஞ்சான்னு பிடிச்சிட்டுப் போனவன் நான். இன்ஸ்பெக்டர் ஒண்ணும் திட்டல. கட்டை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினார். மறுநாள் டிபன் கேரியர்ல கடைசல் வந்துச்சு. 'சாப்பிடுய்யா, உன் கேஸுதான்'னார். அதுக்கப்புறம் இந்த ரெண்டுல நான் தப்பு பண்ணினதே இல்ல."

எனக்குக் கவலை வந்துவிட்டது. கஞ்சாச் செடிக்கு வைத்தியம் சொன்னேன் என்று நாளை யாராவது கேட்டால்? அந்தோணிசாமி தீர்ப்புச் சொன்னார்: அந்த ஊரில் லைசென்ஸ் வாங்கிய கம்பெனிக்கு அது பயிர். பையனிடம் நேராகக் கேளுங்கள். லைசென்ஸ் இல்லையென்றால் போனை வைத்துவிடுங்கள்.

"உள்ளூர்ல எவனாவது கேட்டா?"

"அவன் போனை வெச்சிட்டு எனக்குப் போன் போடுங்க."

இரவுக்குள் பிரகாஷைப் பிடித்துவிட்டேன். கேட்ட உடனே ஒப்புக்கொண்டான்.

"லைசென்ஸ் இருக்கு சார். கவர்மெண்ட் ஆளே வந்து செடியை எண்ணிட்டுப் போவாங்க. மருந்துக்கும் போகுது, கடைக்கும் போகுது."

"அப்பாகிட்ட ஏன்டா புளிச்சக்கீரைன்னு சொன்னே?"

"அப்பா எந்தக் கடையில உட்கார்ந்தாலும் என் வேலையைப் பத்திதான் சார் பேசுவார். 'பையன் கனடாவுல கஞ்சா போடுறான்'னு அவரால சொல்ல முடியுமா? ஒருநாள் வீடியோ கால்ல செடியைப் பார்த்துட்டார். சட்டுனு அதுதான் வாயில வந்துச்சு." பிறகு கெஞ்சினான். "சொல்லிடாதீங்க சார்."

சொல்லவில்லை.

3. கீரை வைத்தியம்

மறுநாள் காலை என் வீட்டில் வீடியோ கால். அது நடந்த நாளைக் குறிப்பதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு: எனக்கு அது வெள்ளிக்கிழமை காலை, பிரகாஷுக்கு வியாழக்கிழமை சாயங்காலம். இரண்டையும் எழுதிவைக்கிறேன்.

கலியபெருமாள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். அந்தோணிசாமி அழைக்காமலே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கேஸ் எழுதாமல் இந்தச் செடியைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று என் காதில் மட்டும் சொன்னார். அப்பாவின் முன்னிலையில் எல்லோரும் கீரை என்றே பேச வேண்டும் என்பது ஏற்பாடு.

"முதல்ல அந்தக் கலர் விளக்கை அணை. வெள்ளை விளக்கைப் போடு" என்றேன். போட்டான். செடிகள் நோயாளிகளாக இல்லாமல் செடிகளாகத் தெரிந்தன.

"இப்ப சொல்லு, என்ன ஆச்சு?"

"எல்லோயிங் சார். கீழ எல்லோ. மேலயும் எல்லோ. நுனியில கொஞ்சம் ப்ரௌனிஷ் எல்லோ."

"அதுக்கு என்ன பண்ணினே?"

"நியூட்ரியன்ட் குறைவுன்னு ஃபீடைக் கூட்டினேன் சார். எல்லோ குறையல. இன்னும் கூட்டினேன்."

கலியபெருமாள் போனைப் பிடுங்கினார். "டேய், உப்பு எவ்வளவுடா போட்டே?" டெல்டாவில் ரசாயன உரத்துக்கு உப்பு என்றுதான் பெயர்.

"நிறைய போட்டேன்ப்பா."

"அதான் கேக்குறேன், எவ்வளவு?"

"அப்பா, சார் பேசட்டும்ப்பா!"

எனக்கு ரூத் மேடம் ஞாபகம் வந்தார். நான் வேலையில் சேர்ந்தபோது என் மேலதிகாரி. முதல் நாளே ஒரு நெல் இலையை நீட்டி என்னவென்று கேட்டார். நான் கல்லூரியில் படித்த பெருமையோடு "க்ளோரோசிஸ்" என்றேன். "அது பேருங்க தம்பி. என்ன ஆயிருக்குன்னு கேட்டேன். பழுத்திருக்கா, வெளுத்திருக்கா, கருகியிருக்கா? இங்கிலீஷ்ல எல்லாத்துக்கும் ஒரே மஞ்சள்தான். நமக்கு அப்படி இல்லையே" என்றார். பிறகு சர்வீஸ் முழுவதும் நான் பார்த்த இலைகளில் முக்கால்வாசிக்கு இந்த மூன்று கேள்விகளே போதுமாக இருந்தன.

"பிரகாஷ், தமிழ்ல சொல்லு. அடியில இருக்கிற இலை பழுத்திருக்கா, வெளுத்திருக்கா, கருகியிருக்கா?"

குனிந்தான். கை வைத்தான். இலை தானாகக் கையோடு வந்துவிட்டது.

"பழுத்திருக்கு சார்." சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே காதில் விழுந்தது. "பழுத்த இலைதான் சார் இது!"

"பூக்கிற செடி அடி இலையில இருக்கிறதை எடுத்து மேலே அனுப்பும். கதிர் வந்த நெல்லைப் பார்த்ததில்லையா நீ? அதுக்கு எவனாவது யூரியா போடுவானா? சரி, உச்சிக்குப் போ."

"உச்சி… வெளுத்திருக்கு சார்."

"எல்லாச் செடியிலுமா?"

நடந்து பார்த்தான். "விளக்குக்கு நேர் கீழ இருக்கிறது மட்டும்தான் சார். ஓரத்துச் செடியெல்லாம் நல்லாருக்கு."

"அப்ப அது பசி இல்லை, வெயில். விளக்கை மேலே தூக்கு. இப்ப நடு இலை நுனி?"

"கருகியிருக்கு. இலை கரும்பச்சையா, கொக்கி மாதிரி கீழே வளைஞ்சிருக்கு."

"அது நீ கூட்டிக் கூட்டிக் கொடுத்த உப்பு. நீ பார்த்தது ஒரே வியாதி இல்ல, மூணும் மூணு விதம். பழுத்தது இயற்கை, வெளுத்தது விளக்கு, கருகினது நீ."

அந்தோணிசாமி குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோலத் தொடையைத் தட்டினார். "ஏ-ஒன், ஏ-டூ, ஏ-த்ரீ! ஏ-ஒன் நிரபராதி!"

தொட்டியிலிருந்து வடியும் தண்ணீரில் உப்பளக்கும் மீட்டரை வைத்துப் பார்க்கச் சொன்னேன். செடிக்குப் போகும் தண்ணீரை மட்டும்தான் அதுவரை அளந்து வந்திருக்கிறான். வைத்தான். உள்ளே விட்ட உப்பைவிட வெளியே வந்தது பல மடங்கு கூட. மீட்டரைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான்.

"உப்பு ஏறின வயலுக்கு என்னடா பண்ணுவோம்?" என்றார் கலியபெருமாள்.

"தண்ணி கட்டி வடிப்போம்."

"அப்புறம் என்ன, கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறே? வடிடா!"

கடைசியாக ஒன்று சொன்னேன். கருகிய நுனி மறுபடி பச்சையாகாது. எந்த மருந்தும் ஆக்காது. மேனேஜர் வரும்போது அந்த இலைகளைக் கிள்ளி மறைக்காமல், மூன்றும் மூன்று விதம் என்று காட்டி விளக்கிச் சொல். புது இலை சுத்தமாக வந்திருந்தால் அதுதான் உன் சாட்சி.

4. வெள்ளிக்கிழமை, எந்த வெள்ளிக்கிழமை

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் கலியபெருமாள் மகாலிங்கசுவாமி கோயிலில் பிரகாஷ் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு என் வீட்டுக்கு வந்தார். அங்கே இன்னும் வியாழக்கிழமைதான் என்று சொல்லாமல் இருந்திருக்கலாம். நாள் விஷயத்தில் என்னால் சும்மா இருக்க முடியாது, சொல்லிவிட்டேன்.

முகம் விழுந்துவிட்டது. "அப்ப இது வேஸ்ட்டா சார்?"

"சாமிக்கு நாளைக்கு வரைக்கும் ஞாபகம் இருக்காதாய்யா?" என்றார் அந்தோணிசாமி. "நானும் மாதாவுக்கு மெழுகுவத்தி வெச்சாச்சு. நீங்க காபியைக் குடிங்க."

சனிக்கிழமை காலையில் பிரகாஷ் என்னைத்தான் முதலில் அழைத்தான். மேனேஜர் கருகிய நுனிகளைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறார். இவன் ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கியிருக்கிறான். அடி இலைக்கு வந்ததும் ஆங்கிலத்தில் வார்த்தை கிடைக்காமல் திணறி, பழுத்த இலையை அப்படியே மொழிபெயர்த்து "ரைப் லீஃப்" என்று சொல்லிவிட்டான். மேனேஜர் அந்த வார்த்தையை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாராம். புது இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். அறையை அவனிடமே விட்டுவிட்டுப் போனார். இப்போது அந்தக் கம்பெனியில் எல்லா அறைக்காரர்களும் ரைப் லீஃப் என்றுதான் சொல்கிறார்கள் என்று பின்னர் சொன்னான். ரூத் மேடத்துக்கு இது தெரிந்திருந்தால், ராயல்டி எங்கே என்று கேட்டிருப்பார்.

அடுத்த வாரம் கலியபெருமாள் வந்தார். கையில் வாழை நாரால் கட்டிய இரண்டு கட்டுகள். ஒன்றை எனக்கும் ஒன்றை அந்தோணிசாமிக்கும் கொடுத்தார். சிவந்த தண்டு, விரல் விரித்த இலை, மழை ஈரம்.

"சார்" என்றார், "இது புளிச்சக்கீரை."

'இது' என்ற சொல்லில் அவர் வைத்த அழுத்தம் எங்கள் இருவருக்குமே கேட்டது. அந்தோணிசாமி கீரையை மோந்து பார்க்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"இலையைக் கழிச்சிட்டுப் பூவை விக்கிற கீரை உலகத்துல உண்டா சார்? நான் விவசாயி."

"அப்ப ஏன் என்கிட்ட கீரைன்னே சொன்னீங்க?"

"செடி எதுவா இருந்தா என்ன? பார்க்கப் போறது இலையை. நீங்க முதல்லயே பேரைக் கேட்டிருந்தா பயந்து போய் இலையைப் பார்த்திருக்க மாட்டீங்க."

என் சர்வீஸில் மேலதிகாரிகள் என்னைப் பற்றி எழுதிய ரகசியக் குறிப்புகளில் எதுவும் என்னை இவ்வளவு சரியாகக் கணித்ததில்லை. ஆகவே இளைய அலுவலர்கள் ரூத் மேடத்தின் மூன்று கேள்விகளோடு என்னுடையதையும் நான்காவதாகச் சேர்த்துக்கொள்ளலாம்: இலையோடு வந்திருக்கிறவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும்?

கலியபெருமாள் கேட் வரைக்கும் போய்த் திரும்பினார்.

"எனக்குத் தெரியும்னு பையன்கிட்ட சொல்லிடாதீங்க சார். பாவம், கஷ்டப்பட்டு ஒரு பேர் யோசிச்சு வெச்சிருக்கான்."