ஓரம் தைக்காத ராணியுடுப்பு

பட்டுத் துணியை மேசையில் விரித்து, மூலைக்கு மூலை கோணலாக மதர் கத்தரிக்கோலை ஓடவிட்ட கணம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இழைக்கு நேராக வெட்டினால் மூன்று சட்டை வரும் துணி அது. குருநகரில் மதரின் கன்னியர்மடப் பள்ளியில் தையல் படிப்பித்த நான் பதறிப்போனேன். பிரெஞ்சுக்காரியான மதரோ சிரித்தார். துறவுக்கு முன்னர் பாரிஸ் நகரத்துப் பெரிய உடுப்புக்கடையில் சீமாட்டிகளுக்கும் நாடகக்காரிகளுக்கும் வெட்டிப் பழகிய கை அது. “நேராய் வெட்டினால் துணி நிக்கும், பிள்ளை. சரிவாய் வெட்டினால் ஆளோடை சேர்ந்து நடக்கும்” என்றார்.

போருக்கு முந்திய ஆண்டு. பெண்வேடத்தையும் ஆண்களே கட்டிய எங்கள் தேவாலயப் பங்குக் கூத்தில் முதன்முறையாக ஒரு பெண்பிள்ளை ராணியாக ஆடப்போகிறாள். அவள் என் மகள். கூத்துப் பழக்கிய அண்ணாவியார் அரைமனதோடுதான் ஒப்புக்கொண்டிருந்தார். பலகையும் கண்ணாடியும் பதித்த பழைய உடுப்போடு அவள் ஒத்திகையில் இருமுறை விழுந்தாள். “உடுப்பைச் சுமக்க ஏலாதவள் என்ன ராணி, ரீச்சர்? மேடையிலை விழுந்தாளெண்டால் இனி ஒரு பெட்டையையும் ஏத்தமாட்டன்” என்றார் அண்ணாவியார். அதைக் கேட்டுத்தான் மதர் அந்தப் பட்டுத் துணியை எடுத்தார்.

தைத்த உடுப்பை மூன்று நாள் தொங்கவிட்ட பிறகே ஓரம் அடிக்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் வெளியூர்த் தியானத்துக்குப் போய்விட்டார். வந்துபோகிறவர்கள் அதைப் பார்த்து என் தையலைப் பழிப்பார்களே என்று நான் அன்றே ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டேன். கூத்தன்று மகள் அதைப் போட்டாள். சரிவாக வெட்டிய துணி தன் பாரத்தில் இறங்கி, இருபக்கமும் நாலு விரல் நிலத்தில் இழுபட்டது. வெளியே மத்தளம் அவளை அழைக்கத் தொடங்கிவிட்டது.

அன்றுதான் தியானம் முடிந்து திரும்பியிருந்த மதர் என்னை ஏசவில்லை. முழந்தாளிட்டு, நான் தைத்த ஓரத்தைச் சுற்றிவர வெட்டி எறிந்தார்.

“ஐயோ மதர், நூல் பிரிஞ்சு காலிலை சுத்துமே!”

“நேராய் வெட்டினதுதான் பிரியும். விடு, பிள்ளை போகட்டும்.”

மத்தளத்தின் வேகத்துக்கு மேடையில் மகள் சுழன்றாள். பட்டு இடுப்பளவுக்கு விரிந்தது. அவள் சட்டென்று நின்றபோது அதுவும் அவளோடு நின்று, காலைத் தழுவி அடங்கியது. ஒரு நூல் பிரியவில்லை. இன்னுமொருக்கால் ஆடச் சொல்லிச் சனம் எழும்பி நின்று கத்தியது. அவள் இரண்டாம் முறையும், மூன்றாம் முறையும் ஆடினாள்.

அண்ணாவியார் வியர்வையைத் துடைத்தபடி மேடைக்குப் பின்னால் வந்தார்.

“மதர், அடுத்தமுறை ராசாவுக்கும் உப்பிடி ஒண்டு வெட்டித் தருவியளோ?”

“ஓம், தருவன். ரீச்சர் மட்டும் கிட்ட வரப்படாது.”