மூளைக்குள் நிற்காத சேதி

என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் விட்டுச் சில நாள்தான் ஆகியிருக்கும். முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்த என்னை, அவர் பின்னாலிருந்து மயிரைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினார். அதுவரை என்மேல் கை வைத்தறியாத மனுசன். ரத்தம் வழிந்து கண்ணை மறைத்தது. "யாரு நீ, எங்க வீட்டுல?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்.

தடுக்க வந்த அவருடைய அண்ணன், என் மச்சாண்டாரின் கையைக் கடித்துச் சதையைப் பிய்த்துவிட்டார். இது பேய்தான் என்று மச்சாண்டார் முடிவு கட்டினார். எங்கள் பக்கம் புருசனுடைய அண்ணன் முன்னால் பெண்கள் நின்று பேசுவதில்லை. எனக்கு இயல்பிலேயே வாய் எழும்பாது. கதவுக்குப் பின்னால் நின்றேன். பேயோட்டும் கோடாங்கி வந்து, வீட்டுக்காரரை வேப்பமரத்தில் கட்டிச் சாட்டையால் விளாசினார். கத்திக்கொண்டே இருந்தவருக்குக் கைகால் வெட்டி இழுத்தது, நுரை தள்ளியது. அதைப் பார்த்ததும் கோடாங்கி உடுக்கையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார். ஆலங்குடியிலிருந்து ஆம்புலன்ஸ் வந்தது.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். மூளைக்குள் காவலுக்கென்றே செல்கள் இருக்கின்றனவாம். கிருமி வந்தால் உடம்பு சில புரதங்களைச் சேதியாக அனுப்பி அந்தச் செல்களை உசுப்பிவிடுமாம். கிருமி போன பிறகும் அந்தச் சேதி நிற்கவில்லை. அதனால் காவல் செல்களே மூளையைத் தாக்குகின்றன. ஊசி போட்டுச் சேதியை அடக்க வேண்டும், குணம் தெரியக் கொஞ்சநாள் ஆகும் என்றார்.

ஊசி போட வந்த நர்சம்மாவை வீட்டுக்காரர் வயிற்றில் உதைத்தார். கட்டிலோடு கட்டினார்கள். மச்சாண்டார் வேன் பிடித்து வந்துவிட்டார். "ஊசிக்கெல்லாம் பேய் எறங்குமா? அவன் தலைமுடிய மரத்துல வச்சு ஆணியடிச்சாத்தான் போகும். அவுத்து விடுங்க."

கூட்டிப் போனால் உயிர் தங்காது என்ற டாக்டரம்மா, என் பக்கம் திரும்பி, நீங்கள் சொல்லுங்கள் என்றார்.

தலையைக் குனிந்தபடியே கட்டிலுக்கு முன்னால் போய் நின்றேன். "இனி அடிக்க அந்த ஒடம்புல எடமில்லீங்க. அவரு இங்கதான் இருப்பாரு."

"பேச வருமா ஒனக்கு?" என்றார் மச்சாண்டார். "செத்துப்போனா யாரு பொறுப்பு?"

"நாந்தாங்க."

அவர் கதவை அறைந்துவிட்டு வராண்டாவுக்குப் போனார். அந்த நேரம் கட்டிலில் கட்டு நெகிழ்ந்து, வீட்டுக்காரர் என் விரலைப் பிடித்து முறுக்கினார். எலும்பு நொறுங்குவது எனக்கே கேட்டது. கத்தினால் மச்சாண்டார் திரும்பி வந்துவிடுவார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

ஊசி வேலை செய்யத் தொடங்கிய பிறகு ஒருநாள், விரலில் என்ன கட்டு என்று அவரே கேட்டார். வழுக்கி விழுந்துவிட்டேன் என்றேன்.