பேர் வாங்கித் தந்த வசனம்

வெளியிடத்தில் யாராவது தன்னை அடையாளம் கண்டுகொண்டால் லெஸ் மாமா உடனே குனிந்து ஷூ லேஸைக் கட்டுவார். மீன் கடை வரிசையில், பஸ் நிறுத்தத்தில், என் அக்கா கல்யாணத்தன்று சர்ச் வாசலில். "நீங்க டிவியில வர்றவர்தானே?" என்ற குரல் கேட்டதும் தலை கீழே போய்விடும். லேஸ் இல்லாத ஷூ போட்டிருந்த நாட்களிலும் குனிந்து, விரலால் எதையோ முடிந்துவிட்டு, முகம் சிவந்து நிமிர்வார். பிறகு சிரிப்பார், கைகுலுக்குவார், கேட்ட இடத்தில் கையெழுத்துப் போடுவார். சிறு வயதில் அதைப் பணிவு என்று நினைத்தேன். எங்கள் தெருவே அப்படித்தான் நினைத்தது.

லெஸ்லி பிளென்கின் என் அம்மா ஐரீனின் தம்பி. ஹல் துறைமுகத்தை ஒட்டி, ஹெஸ்ஸில் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் பிறந்தவர். தாத்தாவும் அவருடைய அண்ணன் தம்பிகளும் ஐஸ்லாந்துப் பக்கம் போகும் மீன்பிடிக் கப்பல்களில் வேலை செய்தவர்கள். மூன்று வாரம் கடல், மூன்று நாள் வீடு. லெஸ் மாமாவும் பதினாறு வயதில் சமையலறை எடுபிடியாக ஒரு தடவை போனார். போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி. கரை சேர்ந்ததும் மூட்டையோடு இறங்கியவர் மறுபடி ஏறவில்லை. எங்கள் தெருவில் அதை யாரும் மறக்க மாட்டார்கள்.

"என்னடா லெஸ்ஸு, குளிக்கவாவது தண்ணியில இறங்குவியா?" என்று பப்பில் கேட்பார்களாம்.

"இறங்குவேண்ணே. உங்க சம்சாரம் வந்து கையப் பிடிச்சுக்கிட்டா இறங்குவேன்."

இப்படிச் சிரிக்க வைத்தே அடி வாங்காமல் தப்பித்தார். பகலில் துறைமுகத்தில் மீன் பெட்டிகளைத் தள்ளினார், சாயங்காலம் சர்ச் மண்டபத்தில் நாடகம் போட்டார். அங்கிருந்து ஊர் ஊராகப் போகும் ஒரு நாடகக் குழு, அதன் பிறகு டிவி. டிவியில் முதல் பத்து வருஷம் அவர் கதவைத் தட்டும் போலீஸ்காரர், கதவைத் திறக்கும் வேலைக்காரர், இரண்டு முறை பிணம். பிணமாக வந்தபோதும் அம்மா தெருவையே கூப்பிட்டுக் காட்டினாள்.

வினி ஸ்டாதர்ஸ் என்பவர் மாமாவுக்குப் பக்கத்து வீட்டுப் பெண், எட்டு ஒன்பது வயது மூத்தவர். அவர் கணவர் ஆல்ஃப் ஒரு ஜனவரி மாதம் கடலுக்குப் போனார். கப்பல் பனி ஏறிக் கவிழ்ந்து, ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. எதிர் வீட்டு எல்சி காக்வெல்லின் மகனும் அதே கப்பலில்தான் இருந்தான்.

கப்பல் கிளம்பும் நாளில் எங்கள் பக்கத்து வீடுகளில் துணி துவைக்க மாட்டார்கள். துவைத்தால் போனவனை அலை கொண்டுபோய்விடும். துறைமுகம் வரை போய் வழியனுப்ப மாட்டார்கள், கையசைக்க மாட்டார்கள். இதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம் படித்துவிட்டு வந்த எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்பேன். ஆனால் என் அண்ணன் கடலுக்குக் கிளம்பும் நாளில் ஒரு கைக்குட்டையைக்கூட நனைக்க மாட்டேன்.

கப்பல் போன செய்தி வந்த வாரம், மாமா வினி வீட்டுக்குக் கரி கொண்டுபோய்ப் போட்டார். அப்போது வினி அவரிடம் மட்டும் ஒன்று சொன்னார். ஆல்ஃப் கிளம்பிய அன்று கைக்குழந்தை ஜூனுக்கு விடாமல் வாந்தி. இருந்த விரிப்பெல்லாம் நாசம். வேறு வழியில்லாமல் துவைத்து, பகலிலேயே ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, யாரும் பார்க்காதபடி கணப்புக்கு முன்னால் உலர்த்தியிருக்கிறார்.

"ஏன் என்கிட்டப் போய்ச் சொல்றீங்கக்கா?" என்று மாமா கேட்டாராம்.

"உன்னாலதான்டா யார்கிட்டயும் போய்ப் பேச முடியாது. உன்னையே யாரும் ஆளா மதிக்கறதில்லையே."

மாமா பதினான்கு வருஷம் அதைக் காப்பாற்றினார்.

பிறகு ஒரு டிவி கம்பெனி மீனவர் தெருவைப் பற்றித் தொடர் ஒன்று எடுத்தது. மாமாவுக்குக் கிடைத்தது கடலை விட்டு வந்த ஒரு கப்பல் சமையல்காரன் வேஷம். நான்கு வரி வசனம், இரண்டாவது வாரத்திலேயே சாவு. எழுதியவன் ஜூலியன் என்ற லண்டன் பையன், வாழ்நாளில் மீனைத் தட்டில் மட்டுமே பார்த்தவன். தரையில் ஒட்டிய டேப்பையே சுவராகவும் கதவாகவும் வைத்துக்கொண்டு ஒத்திகை நடக்கும் அறையில், ஊர்க்காரர் என்பதால் மாமாவைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்துகொண்டார்கள். அவர் துணி துவைக்காத வழக்கத்தைச் சொன்னார்.

"அதை யாராவது மீறியிருக்காங்களா லெஸ்?" என்றான் ஜூலியன்.

பத்து வருஷமாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்த மனிதரின் வாயை முதல்முறையாக எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னார். பெயரை மாற்றினார், கப்பலை மாற்றினார், பெண் குழந்தையை ஆண் குழந்தையாக்கினார்.

"தெருவுல ஒருத்தர்கூடவா பாக்கல? நம்பற மாதிரி இல்லையே" என்றார் இயக்குநர்.

"பகல்லயே திரையை மூடிட்டா சார்."

அடுத்த வாரம் வந்த பிரதியில் சமையல்காரன் சாகவில்லை. மதுக் கோப்பையைப் பார்த்தபடி அவன்தான் அந்தக் கதையைச் சொல்கிறான். அவன் கடைசியில் சொல்லும் ஒரு வரிதான் பின்னால் நாடு முழுக்கப் பரவியது: "ஆளுங்க கடலுக்குப் போன அன்னிக்கே அவ துணி துவைச்சா."

ஒளிபரப்பான அன்று எங்கள் வீட்டு முன்னறையில் நிற்க இடமில்லை என்று அம்மா சொல்வாள். தெருவிலேயே எங்கள் வீட்டில்தான் கலர் டிவி. ஹாம் சாண்ட்விச், தேநீர், ஆண்களுக்கு பியர். மாமா லீட்ஸிலிருந்து புது கோட்டில் வந்திருந்தார். வினி தன் மகள் ஜூனை வீட்டில் படிக்க விட்டுவிட்டு வந்து, மடியில் தட்டோடு நாற்காலியில் இருந்தார். வினி வரமாட்டார் என்று மாமா நம்பியிருந்தாராம். வினிக்கு டிவியே பிடிக்காது. லெஸ்ஸுக்காக வந்திருந்தார்.

"நம்ம லெஸ்ஸு இன்னிக்காவது உயிரோட இருப்பானா?" என்று எல்சி கிண்டல் செய்தார்.

"இந்தத் தடவை பேசறான் எல்சி. சத்தம் போடாம பாரு" என்றாள் அம்மா.

சமையல்காரன் பேசினான். குழந்தையின் வாந்தி, விரிப்பு, கணப்பு. பகலில் மூடிய திரை என்று வந்ததும் எல்சியின் கோப்பை தட்டில் உட்கார்ந்த சத்தம் கேட்டதாம். எங்கள் தெருவில் சாவு விழுந்தால் மட்டும்தான் பகலில் திரையை மூடுவார்கள். ஒரு வீட்டில் மூடியிருந்தால் தெரு முழுக்க அது நினைவிருக்கும்.

"வினி" என்றார் எல்சி. "ஆல்ஃப் போன அன்னிக்கு உன் வீட்டுத் திரை மூடியிருந்துச்சே. யாருக்கு என்ன ஆச்சோன்னு நான் வந்து கதவைத் தட்டினேன். நீ திறக்கவே இல்ல."

யாரோ டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

எல்சி மாமாவின் பக்கம் திரும்பினார். "இதை யாரு எழுதினது லெஸ்?"

"லண்டன்காரன் ஒருத்தன்க்கா. எல்லாம் கற்பனை. இவங்களுக்கு நம்ம ஊரைப் பத்தி என்ன தெரியும்?" என்று சொல்லி மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பை அம்மாவால் கடைசிவரை மறக்க முடியவில்லை.

வினி தட்டைத் தரையில் வைத்தார். "கற்பனை இல்ல எல்சி. துவைச்சேன். பிள்ளை வாந்தியிலயே கிடந்துச்சு. நான்தான் துவைச்சேன்."

"அப்போ இவனுக்கு எப்படித் தெரியும்?"

அந்த ஒரு கேள்வியில் மாமாவின் தலை இருந்தது. வினி உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றே மாமா தெருவுக்கு ஆகாதவராகியிருப்பார். வினி கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அந்த லண்டன் ஆளுங்க வந்து கேட்டாங்க, நான்தான் சொன்னேன். லெஸ்ஸை எதுக்கு இழுக்கறே?"

மாமா குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். வினிக்குப் பின்னால் கதவு மூடியது. சிறிது நேரம் கழித்து யாரோ டிவியின் சத்தத்தைக் கூட்டினார்கள்.

யாரும் வினி வீட்டின் மேல் கல்லெறியவில்லை. கடைக்குள் அவர் போனால் பேச்சு நிற்கும், அவ்வளவுதான். எல்சி அதன்பின் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊருக்குத் தன் கதையைத் தானே விற்றவள் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. இரண்டு வருஷத்தில் வினி ஜூனைக் கூட்டிக்கொண்டு பிரிட்லிங்டனுக்குக் குடிபோனார்.

மாமாவின் தொடர் ஆறு வருஷம் ஓடியது. அது முடிந்ததும் கிறிஸ்துமஸ் கூத்துகளில் வேஷம், மீன் விளம்பரம், புதுக் கடைகளுக்கு ரிப்பன் வெட்டுவது. எங்கே போனாலும் அந்த ஒரு வரியைக் கேட்பார்கள், அவரும் சொல்வார். தெருவுக்கு வந்தால் எல்சி அவர் கன்னத்தைக் கிள்ளி, "எங்க பிள்ளை" என்பார்.

நான் படிப்பை முடித்த கோடையில், பிரிட்லிங்டனுக்குக் காரில் கொண்டுபோய் விட முடியுமா என்று மாமா கேட்டார். எதற்கு என்று சொல்லவில்லை. வழியெல்லாம் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார், வசனம் மனப்பாடம் செய்பவர்போல.

வினி கதவைத் திறந்து, "அட, டிவிக்காரரா! ஷூவைத் துடைச்சிட்டு வாடா" என்றார். தேநீர் வந்தது, ஜூன் கேக் வெட்டினாள். மாமா இரண்டு முறை, "வினி அக்கா, நான் ஒண்ணு..." என்று தொடங்கினார். இரண்டு முறையும் ஜூனின் கணவர் கொலின் குறுக்கே வந்தார். அவர் ஷெஃபீல்டுக்காரர், இந்தக் கதை ஒன்றும் தெரியாது.

"சார், அந்த வசனம் ஒரு தடவை சொல்லுங்களேன். என் ஃபேக்டரியில சொன்னா நம்ப மாட்டாங்க."

ஜூன் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். மாமா வினியைப் பார்த்தார்.

"சொல்லேன்டா. மாப்பிள்ளை ஆசையாக் கேக்கறார்ல" என்றார் வினி.

மாமா சொன்னார். தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி, அதே இடைவெளியோடு, அதே தணிந்த குரலில் சொன்னார். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. கொலின் கைதட்டினார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"நல்லாத்தான் சொல்றே" என்றார் வினி. "இன்னொரு துண்டு கேக் வச்சுக்கோ."

திரும்பும் வழியில்தான் மாமா முழுக் கதையையும் என்னிடம் சொன்னார், கரி போட்ட நாள் முதல். "அந்த அக்காகிட்ட மன்னிப்புக் கேக்கணும். அப்புறம் எல்சிகிட்டப் போய், சொன்னது நான்தான்னு சொல்லணும். கதவுகிட்ட நின்னப்போகூட வாயில இருந்துச்சு. வேற வசனம் வந்துடுச்சு." அடுத்த மாதம் மறுபடி போகலாம் என்றேன். போகலாம் என்றார். அடுத்த மாதம் ஸ்கார்பரோவில் நாடகம் இருந்தது, அதற்கடுத்த மாதம் வேறு ஏதோ. மார்ச்சில் மாரடைப்பு வந்து போய்விட்டார்.

சர்ச் நிரம்பி வழிந்தது. டிவி ஆட்கள் வந்திருந்தார்கள். பாதிரியார், "புகழ் வந்தும் நம் தெருவைக் கைவிடாத பிள்ளை" என்றார். முன்வரிசையில் எல்சி விம்மி விம்மி அழுதார். வினி கடைசி பெஞ்சில் தனியாக இருந்தார். அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

இதை எழுதுவதும் மாமா செய்த அதே வேலைதானோ என்று எனக்குத் தெரியவில்லை. வினியிடம் கேட்டேன். "எல்சி போன பிறகு எழுதிக்கோ, பாவம் அவ" என்றார். எல்சி போன வருஷம் போய்விட்டார்.

மாமாவின் அடக்கத்தன்று சர்ச் வாசலில் நான் வினியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஆன்ட்டி, மாமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தார். அவருக்குப் பதிலா நான்..."

"வேணாம் கண்ணு" என்று கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். "அது அவன் சொல்ல வேண்டியது. நீ சொன்னா அது என்கிட்ட வந்து சேராது."

பஸ் வந்தது. அவர் ஏறிப் போனார்.