லான்சி அண்ணியின் வெடித்த பறவைகள்

எங்கள் லான்சி அண்ணிக்கு அளவு என்பதே கிடையாது. ஒரு கிண்ணம் புளிக்காடி கேட்டால் ஜாடியையே தூக்கிவந்து வைப்பாள். மாட்டுக்கு ஒரு கட்டு புல் போடச் சொன்னால் மாடே மறைந்துபோகும். தாராளக் கை என்றது ஊர். என் அம்மா அதற்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபின் அவளுக்கு முதல் புத்தாண்டு. தென்சீன மலைகளில் வாழும் எங்கள் மாவ்னான் இனத்து வீடுகளில் அதற்கு முந்தைய நாளே வசம்பு இலையில் பறவைகள் முடைந்து, வயிற்றில் ஒட்டரிசியும் எள்ளும் அடைத்து, வேகவைத்துக் கரும்பில் கட்டி, முன்னோர் பீடத்தின் முன்னால் தொங்கவிட வேண்டும். பதினைந்தாம் நாள் அவற்றைப் பறக்கவிடுவோம், அதாவது தின்போம். புது மருமகளின் கரும்பு வெறுமையாக நின்றால் தொலைந்தது, வருஷம் முழுக்க ஊர் வாய்க்கு அவள்தான் அவல்.

வெந்தால் அரிசி உப்பும், அதனால் முக்கால் வயிறுதான் அடைக்க வேண்டும். அண்ணி கட்டைவிரலால் திணித்துக்கொண்டே இருந்தாள்.

"போதும் அண்ணி, வெடிச்சிரும்!"

"போடீ! செத்துப்போன பெரியவங்களுக்குப் பட்டினிக் குருவியையா படைக்கிறது?"

அரை மணி நேரத்தில் அண்டாவுக்குள் பட் பட்டென்று சத்தம். மூடியைத் திறந்தால் ஒரு அலகு, ஒரு வால், மற்றதெல்லாம் கஞ்சி. மறுபடி முடைய மிச்சம் ஒரு இலைகூட இல்லை. சத்தம் கேட்டு அம்மா கொட்டிலிலிருந்து ஓடிவந்தாள்.

"எல்லாம் பறந்துடுச்சு அத்தை," என்றாள் அண்ணி. சிரிப்பு பீறிட்டது, அடுத்த நொடியே அழுகை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை, அகப்பையால் கஞ்சியைத் துழாவிக்கொண்டு நின்றாள்.

மூக்கைச் சிந்திய அண்ணி அண்டாவை அப்படியே முற்றத்துக்குத் தூக்கிப்போனாள். "எல்லாரும் வாங்க! கஞ்சி ஆறுது!"

எள் மணத்துக்குத் தெருவே கிண்ணத்தோடு வந்தது. பக்கத்து வீட்டு மெங் அக்கா மூன்று கிண்ணம் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் இரண்டு பறவைகளோடு திரும்பினாள்.

"இந்தா, கட்டு. மொட்டைக் கரும்பைப் பாக்கச் சகிக்கல."

அவளைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். வாத்து மாதிரி ஒன்று, கழுத்து திருகியது ஒன்று, தலையே இல்லாதது ஒன்று. பொழுது சாய்வதற்குள் கரும்பு வளைந்தது. அம்மா ஒவ்வொன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பதினைந்தாம் நாள் ஆவியில் வைப்பதற்காக அவிழ்த்தபோது, எல்லாவற்றுக்கும் பின்னால் ஊதிப்போன ஒரு குண்டுப் பறவை இருந்தது. அண்ணி முடைந்ததேதான்! வெடிக்காமல் தப்பிய அதை அம்மா அன்று கஞ்சிக்குள்ளிருந்து துழாவி எடுத்து ஒளித்துக் கட்டியிருக்கிறாள்.

அது வெந்து இறங்கியதும் அண்ணியின் கையில் வைத்தாள். "இது ஒண்ணுதான் நம்ம வீட்டுப் பறவை. நீயே தின்னு. இனிமேலாவது பார்த்து அடை."

கண்ணைத் துடைத்துக்கொண்டே அண்ணி அதில் பாதியைப் பிய்த்து அம்மாவின் வாயில் திணித்தாள். திணித்த திணிப்பில் அம்மாவுக்கு வெகுநேரம் பேச்சே வரவில்லை.