முன்னறையில் குடியிருந்த போன்

லொரெட்டா அத்தை ஆசைப்பட்டது வான்கோழிக்கு. கையில் வந்தது ஸ்மார்ட்போன்.

ஜனவரியில் தேவாலயக் கூடத்தில் சீட்டுப் போட்டி. வருடா வருடம் முதல் பரிசு வான்கோழிதான். இந்த வருடம் யாரோ ஒரு புண்ணியவான் போன் ஒன்றை நன்கொடையாகக் கொடுத்துவிட, வான்கோழி இரண்டாம் பரிசுக்கு இறங்கிவிட்டது. அத்தை முதலாவதாக வந்தார். பக்கத்து வீட்டு சிரில் நாஷ் இரண்டாவது. பரிசு வாங்கிய இடத்திலேயே பேரம் தொடங்கியது.

"சிரிலு, மாத்திக்கலாமா? உனக்குப் போன், எனக்குக் கோழி."

"வேண்டாம் தாயே. கோழி பேசாது. அதுதான் அதுகிட்ட எனக்குப் பிடிச்சதே."

"தோத்துப்போன வயித்தெரிச்சல் உனக்கு."

"நீ ஜெயிக்கிற விதம் அந்தோணியாருக்குத்தான் தெரியும்."

இருவருக்கும் நடுவே 2016-ல் தொடங்கிய வழக்கு ஒன்று இருக்கிறது. அந்த வருடக் கடைசி ஆட்டத்தில் கையில் டைமண்ட் சீட்டு வைத்துக்கொண்டே அத்தை 'இல்லை' என்று சொன்னதாக சிரில் மாமாவின் குற்றச்சாட்டு. அத்தை மறுக்கிறார். சாட்சிகளில் இருவர் இறந்துவிட்டார்கள். மூன்றாமவர் வாயைத் திறப்பதில்லை.

டோபின்ஸ் ஹார்பரில் அறுபதைத் தாண்டிய பெண்கள் எல்லோரும் அத்தை, ஆண்கள் எல்லோரும் மாமா. உறவு வேண்டியதில்லை. நியூஃபவுண்ட்லாந்தின் இந்தக் கரைக்கு மருந்துக்கடை வேலையாக நான் வந்து பதினோரு வருடமாகிறது. வந்த முதல் வாரமே எனக்கு இத்தனை அத்தைகள் கிடைத்தார்கள் என்று அம்மாவிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை.

லொரெட்டா கரீனுக்கு அறுபத்தொன்பது வயது. முப்பத்தொரு வருடம் மீன் ஆலையில் கத்தி பிடித்தவர். ஆலை மூடியபின் பள்ளிக்கூடச் சமையலறையில் பன்னிரண்டு வருடம். கணவர் லியோ போய் ஆறு வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. ரப்பர் பூட்ஸோடு ஈர சிமெண்டுத் தரையில் நின்று நின்று வலது இடுப்பு தேய்ந்துபோய்விட்டது. மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் ஏறுவார். ஆகஸ்டு வந்தால் சதுப்பு நிலத்தில் மஞ்சள் நிற பேக்ஆப்பிள் பழம் பழுக்கும். ஊரே வாளியோடு கிளம்பும். எந்த மேட்டுக்குப் பின்னால் அதிகம் பழுக்கும் என்று அத்தை யாருக்கும் சொன்னதில்லை. கடந்த இரண்டு கோடையும் அவரால் அங்கே போக முடியவில்லை. புது இடுப்பு வைக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் பட்டியலில் பெயர் கொடுத்துக் காத்திருந்தார்.

போனைத் தொடங்கிக் கொடுக்க என்னைத்தான் கூப்பிட்டார். சமையலறை மேசையில் டின் பால் ஊற்றிய டீயும் திராட்சை பன்னும் தயாராக இருந்தன. பேசுவதற்கு ஒரு வருடக் கூப்பனும் டேட்டாவுக்குத் தனியாக ஒன்றும் கடையில் வாங்கி வந்திருந்தேன்.

போன் முதலில் விரலைக் கேட்டது. அத்தை கட்டைவிரலை வைத்தார். மறுபடி வைக்கச் சொன்னது. வைத்தார். இப்படியே பத்து விரலையும் பார்த்துவிட்டுப் போன் கைவிரித்தது.

"முப்பத்தொரு வருஷம் கத்தியும் உப்புத்தண்ணியும், கண்ணு. ரேகையெல்லாம் காட் மீனோட பாஸ்டனுக்கு ஏத்துமதி ஆயிடுச்சு."

"பரவாயில்ல அத்தை. நாலு எண் சொல்லுங்க. ரகசியமா இருக்கட்டும்."

"ஒன்பது, நாலு, ஒண்ணு, ரெண்டு!" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

பின்கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த சிரில் மாமா, "ஒன்பது நாலு ஒண்ணு ரெண்டு. குறிச்சுக்கிட்டேன்" என்று பன்னை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பிழை. நான் பயந்த சுபாவம். என் போனில் சார்ஜ் ஐம்பதுக்குக் கீழே இறங்கினாலே எனக்கு மூச்சு முட்டும். அந்த பயத்தை எல்லாம் அன்று அத்தையின் தலையில் கொட்டினேன். இருபதுக்குக் கீழே இறங்க விடாதீர்கள், நூறைத் தொட்ட பிறகும் சொருகி வைக்காதீர்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள், டேட்டா இரண்டு ஜிபிதான், ஒரு படம் பார்த்தால் போச்சு, வேலை இல்லாதபோது டேட்டாவை அணைத்துவிடுங்கள். பேட்டரிக்கு ஆயுள் உண்டு. தீர்ந்து ஏறும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறையும்.

அத்தை பூசைப் பிரசங்கம் கேட்பதுபோல் கைகட்டிக் கேட்டார்.

"ஆக, உபயோகிச்சா தேயும்."

"ஆமா அத்தை."

"உபயோகிக்காட்டி தேயாது."

"ஆமா."

அந்த இரண்டாவது ஆமாவை நான் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த வாரங்களில் மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் கேட்பேன். "போன் எப்படி இருக்கு அத்தை?"

"நூறு, கண்ணு. நூத்துக்கு நூறு."

எனக்குப் பெருமையாக இருந்தது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பதினொரு சதவீதத்தோடு வந்து 'சார்ஜர் இருக்கா' என்று கெஞ்சுகிறவர்கள். சொன்ன பேச்சைக் கேட்கிற ஒரே ஆள் என்று லொரெட்டா அத்தையை அவர்களுக்கு உதாரணம்கூடக் காட்டினேன்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு விடுமுறை. அத்தையின் மாத்திரையைக் கொடுத்துவிட்டு ஒரு டீ குடிக்கலாம் என்று நடந்தே போனேன். என் போன் மேட்டில் இருக்கும் என் வீட்டில் சார்ஜில் கிடந்தது. அத்தை சமையலறைக் கட்டிலில் சாய்ந்து ஆஸ்பத்திரியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"பதினோரு மாசம் ஆச்சு. யாராவது வராம நின்னா அந்த இடத்துக்கு உங்களைக் கூப்பிடறோம்னு பிப்ரவரியில சொன்னாங்க. அவசரப் பட்டியலாம். ரெண்டு தரம் கூப்பிடுவாங்களாம், எடுக்காட்டி பட்டியல்ல கடைசிக்குத் தள்ளிடுவாங்களாம். நானும் வீட்டை விட்டு நகராம கிடக்கேன். ஒருத்தரும் கூப்பிடலை."

சுவரில் மாவு படிந்த சுருள் கம்பியோடு பழைய போன் தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்த நம்பரைத்தானே குடுத்தீங்க?"

"சீ. நல்ல நம்பரைக் குடுத்தேன்."

"நல்ல நம்பர்னா?"

அத்தை முகவாயால் முன்னறைப் பக்கம் காட்டினார். "பெரிய டாக்டர் கூப்பிடுற இடம். சமையல்கட்டுப் போன்லயா வரவேற்பாங்க?"

 இந்த ஊரில் எல்லா வீட்டிலும் முன்னறை ஒன்று உண்டு. பாதிரியாருக்கும் பிணத்துக்கும் மட்டும் திறக்கும் அறை. மற்றவர்கள் வாழ்வதும் சண்டை போடுவதும் சாப்பிடுவதும் சமையலறையில்தான். அத்தையின் முன்னறைக்குள் ஓடினேன். சூடேற்றாத அறை, மூச்சு புகையாக வந்தது. பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபா, கண்ணாடி அலமாரியில் யாரும் தேநீர் குடித்திராத கோப்பைகள். நடுவே சின்ன மேசையில், பின்னல் துணி விரித்து, பெட்டிக்குள், அணைத்து வைத்த போன்.

"அணைச்சே வெச்சிருக்கீங்களா?"

"தேயக்கூடாதுன்னு நீதானே சொன்னே? யாராவது கூப்பிட்டா தானா முழிச்சுக்கும்னு நினைச்சேன்."

உயிர்ப்பித்தேன். நூறு என்று காட்டியது. குளிரில் கிடந்த பேட்டரி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறுபத்திரண்டுக்கு விழுந்தது. கூடவே குரல் செய்தி இரண்டு. முதலாவது மூன்று வாரத்துக்கு முந்தியது. இரண்டாவது அன்று காலை ஒன்பது நாற்பதுக்கு வந்தது: 'இது இரண்டாவது அழைப்பு. பன்னிரண்டு மணிக்குள் கூப்பிடவும்.'

மணி பதினொன்று இருபது.

 அத்தை நண்டு நடையில் சமையலறைக்குப் போய்ச் சுவர்ப் போனை எடுத்தார். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். அத்தையின் கை கம்பியைச் சுற்றிச் சுற்றி இறுக்கியது. கடைசியில் ஒரு பெண் வந்தாள். வியாழன் காலை ஏழரைக்கு இடம் இன்னும் இருக்கிறது. ஆனால் மயக்க மருந்துப் பிரிவு நர்ஸ் இன்று பன்னிரண்டு மணிக்கு வீடியோவில் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். லிங்க் போனுக்கு வரும். பார்க்க முடியாவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

லிங்க் வந்தது. அழுத்தினேன். திறக்கவில்லை.

"அத்தை, டேட்டா பிப்ரவரியிலேயே முடிஞ்சுபோச்சு."

"நான் ஒரு துளிகூடத் தொடலையே!"

"தொடாட்டியும் முப்பது நாள்தான்."

"கெட்டுப்போயிடுமா? பால் மாதிரி?"

"பால் மாதிரிதான்."

"தேயும்னு சொன்னே. கெடும்னு சொல்லவே இல்லையே நீ!"

சொல்லவில்லைதான். பன்னிரண்டுக்கு இருபத்தைந்து நிமிடம் இருந்தது. கடைக்குப் போய்ப் புதுக் கூப்பன் வாங்கி வருவதற்குள் நேரம் தாண்டிவிடும். மேட்டுக்கு ஓடி என் போனை எடுத்து வருவதற்கும் அதே கதைதான். முன்னறை ஜன்னலோரம் போனைப் பிடித்தபோது மட்டும் ஒரே ஒரு வைஃபை பெயர் மங்கலாகத் தெரிந்தது. சிரில் மாமாவுடையது.

அத்தை சுவர்ப் போனில் அவரைக் கூப்பிட்டு, எனக்கும் கேட்கும்படி ரிசீவரைத் தள்ளிப் பிடித்தார்.

"சிரிலு, உன் வைஃபைக்குள்ள போகணும். சொல்லு அந்தச் சொல்லை."

"எதுக்கு?"

"என் இடுப்புக்குடா!"

"நான் வேணா வண்டியை எடுத்துக்கிட்டு வரட்டுமா? கடைக்கு..."

"நேரம் இல்லடா. சொல்லு."

"கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லித் தொலை!"

"எல்லாம் சின்ன எழுத்து. நடுவுல இடம் விடாத." இருமினார். "லொரெட்டா... ஏமாத்துனா... ரெண்டு, பூஜ்யம், ஒண்ணு, ஆறு."

அத்தை ரிசீவரை ஒரு தரம் முறைத்தார்.

"உன் வீட்டுக்கு வர்ற எல்லாருக்கும் இதைத்தான் குடுக்கிறியா?"

"கேக்குறவங்களுக்குத்தான். போன கோடையில ஃபாதர் கேட்டாரு."

அத்தை கண்ணை மூடித் திறந்தார். "அடிச்சுக்கோ கண்ணு," என்றார் என்னிடம். "முதல்ல ரெண்டு கால்ல நிக்கிறேன். அப்புறம் இவனைப் பார்த்துக்கிறேன்."

அடித்தேன். சேர்ந்தது. ஆனால் அந்தக் குளிரில் பேட்டரி பத்தொன்பதுக்கு இறங்கியிருந்தது. முன்னறையில் இருந்தது ஒரே ஒரு பிளக். அதில் திருஇருதய ஆண்டவர் படத்துச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லியோ மாமாவின் அம்மா காலத்திலிருந்து அணையாத விளக்கு. நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை படத்தைப் பார்த்தார்.

"பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கோங்க சாமி," என்று சொல்லி அவரே பிடுங்கினார்.

சரியாகப் பன்னிரண்டுக்கு நர்ஸ் திரையில் வந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அத்தை கோட்டும் தொப்பியுமாக பிளாஸ்டிக் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மாத்திரைகள் கேட்டாள், நான் சொன்னேன். பொய்ப்பல் கேட்டாள்.

"மேல் வரிசை மட்டும், செல்லம். கழட்டிக் காட்டட்டுமா?"

"வேண்டாம்மா. வீட்டுக்கு வந்தப்புறம் எங்கே படுப்பீங்க? கொஞ்ச நாளைக்குப் படி ஏறக் கூடாது."

"சமையல்கட்டுல கட்டில் இருக்கு."

"எவ்வளவு உயரம்?"

நான் என் முழங்காலுக்குக் கீழே கை வைத்துக் காட்டினேன்.

"ரொம்பத் தாழ்வு. இடுப்பு அவ்வளவு மடங்கக் கூடாது. கீழ்த்தளத்துல நல்ல உயரமான கட்டில் போட இடம் இருந்தாத்தான் நான் சம்மதம்னு எழுத முடியும்." நர்ஸ் திரைக்கு அருகே குனிந்தாள். "இப்ப உட்கார்ந்திருக்கீங்களே, இது கீழ்த்தளந்தானே?"

"இது முன்னறை, கண்ணு. விருந்தாளிங்க ரூம்."

"எத்தனை பேர் வர்றாங்க?"

"ஃபாதர்."

"அடிக்கடியா?"

"ஈஸ்டருக்கு."

நர்ஸ் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். எனக்கு வாய் துடித்தது, அடக்கிக்கொண்டேன். அத்தை அலமாரியைப் பார்த்தார், யாரும் குடித்திராத கோப்பைகளைப் பார்த்தார். பிறகு, சீட்டைக் கீழே வைக்கிற மாதிரி, சோபாவின் பிளாஸ்டிக்கை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார்.

"இந்த முட்டாள் சோபாவை நாளைக்கே சிரிலு தூக்கிடுவான். எழுதிக்கோ, கட்டில் இங்கதான்."

"அப்ப ஃபாதர்?"

"சமையல்கட்டுல உட்காரட்டும். அங்கதான் சூடா இருக்கும்."

மறுநாள் சிரில் மாமாவும் என் கணவரும் மாடிக் கட்டிலைக் கழற்றிக் கீழே கொண்டுவந்தார்கள். கடையில் புதுக் கூப்பன் வாங்கினேன். இந்த முறை ஒரு அறிவுரையும் சொல்லவில்லை. புதன் மாலையே சிரில் மாமா தன் வண்டியில் நான்கு மணி நேரம் ஓட்டி அத்தையை நகரத்துக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் 2016 விசாரணை நடந்ததாகக் கேள்வி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையில் கூட்டம். என் போன் அடித்தது.

"கண்ணு, நாலு அடி நடந்தேன்!"

"அத்தை! வலி எப்படி?"

"வலி கிடக்கட்டும். சீக்கிரம் கேளு, மூணு பர்சென்ட்தான் இருக்கு. நேத்துலேர்ந்து பேசிக்கிட்டே இருக்கேன். சார்ஜரைச் சிரிலு வண்டியிலேயே விட்டுட்டேன். பக்கத்துப் படுக்கையில ஒருத்தி, பெல் ஐலண்ட்காரி, அவளும் சீட்டாடுவா. கள்ள ஆட்டம். நடக்க வெச்ச பையன் இருக்கானே, அவன் என்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா, ஆகஸ்டுல நீங்க..."

அதோடு நின்றது.

மூன்று தடவை திருப்பிக் கூப்பிட்டேன். அணைந்திருந்தது. மருந்து வாங்க வந்தவர்களுக்கு மருந்தைக் கொடுத்தேன். ஆகஸ்டில் என்ன? முடியுமா, முடியாதா? ஒருத்தருக்கு மீதிச் சில்லறையை இரண்டு தடவை கொடுத்துவிட்டேன்.

பத்து நிமிடத்தில் போன் மறுபடி அடித்தது. தெரியாத எண். தெரியாத எண்ணை நான் எடுப்பதே இல்லை. நூற்றில் தொண்ணூறு மோசடிக்காரர்கள். எடுத்தேன்.

"பெல் ஐலண்ட்காரி போன்ல பேசறேன். அவளுக்கு எண்பது இருக்கு, கவலைப்படாத. ஆகஸ்டுல நீங்க சதுப்புக்குப் போகலாம், ஆனா கைத்தடியோடன்னு சொன்னான். நான் சொன்னேன், ஒரு கையில தடி, ஒரு கையில வாளி, அப்ப பழத்தை எதால பறிக்கிறது? அதனால நீ வர்றே, கண்ணு. அந்த மேடு எங்கேன்னு உனக்குக் காட்டறேன். சிரிலுகிட்ட மூச்சு விடாதே."