கதவுக்கு மட்டும் ஒரு சாவி

சந்து முனையில் சாவிக்கடை வைத்திருப்பவரை எல்லோரும் நோண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். பாதிக்குத்தான் பொருத்தமான பெயர். பூட்டைக் கண்டால் நோண்டாமல் விடமாட்டார். ஆனால் அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைத்தார் என்று அவரைப் பிடிக்காதவர்கள்கூடச் சொல்ல முடியாது. யாரையும் எதற்கு, ஏன் என்று கேட்பதில்லை. அதைப் பெரிய குணம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

காருக்கு மாற்றுச் சாவி கேட்டு வந்தால் மட்டும் ஒரு கேள்வி உண்டு. "கதவு திறக்கவா, வண்டி ஓட்டவா?" இப்போதைய கார் சாவியின் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது. சிப் இல்லாத சாவி கதவைத் திறக்கும், எஞ்சினைக் கிளப்பாது. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு நடுரோட்டில் திருதிருவென முழிப்பவர்களுக்கு அதுவே போதும். அசல் சாவிதான் உள்ளே கிடக்கிறதே.

ஒருநாள் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். அவள் புருஷன் எதிர் சலூனில் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தான். சாவியை நீட்டிய விரல்களில் நகமெல்லாம் கடித்துத் துப்பியிருந்தது.

"கதவு திறக்கவா, வண்டி ஓட்டவா?"

அவள் சலூன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "கதவுக்குத்தாண்ணா. எனக்கு மறதி ஜாஸ்தி, உள்ளேயே வச்சுப் பூட்டிடுவேன்."

"குழந்தைய வச்சுப் பூட்டாம இருந்தா சரிம்மா," என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சிப் சமாசாரத்தை அவர் விளக்கவும் இல்லை; கதவுக்கு என்று அவளே சொல்லிவிட்டாளே. புதுச் சாவியை அவள் குழந்தையின் காலுறைக்குள் செருகியதைப் பார்த்தார். வழக்கம்போல் ஒன்றும் கேட்கவில்லை.

சில நாள் கழித்து அந்தப் புருஷனே போன் செய்தான். காரைத் திறக்க வேண்டுமாம், தன் சாவி கம்பெனி லாக்கரில் மாட்டிக்கொண்டதாம்.

போய்ப் பார்த்தால், வீட்டு வாசலில் கார். ஓட்டுகிற சீட்டில் அவள். பக்கத்தில் குழந்தை, காலடியில் பிதுங்கிய துணிப்பை. எல்லாக் கதவையும் உள்ளிருந்து பூட்டியிருந்தாள். அவர் வெட்டிக்கொடுத்த சாவியைத் திருகிக்கொண்டே இருந்தாள். கன்னத்து வீக்கம் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. ஓட்டத்தான் வாங்கியிருக்கிறாள்; சலூன்வரை விஷயம் போய்விடுமோ என்ற பயத்தில் கதவு என்று சொல்லியிருக்கிறாள்.

"வீட்ல சின்ன சண்டைண்ணே. கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா," என்று சிரித்தான் புருஷன்.

"இந்த மாடல் கஷ்டம் தம்பி. நம்மால ஆகாது." பூட்டு விஷயத்தில் அவர் சொன்ன முதல் பொய்.

"பரவாயில்லண்ணே." அவன் சுவரோரம் கிடந்த செங்கல்லை எடுத்துக்கொண்டு குழந்தை இருந்த பக்கம் போனான்.

"இருங்க, இருங்க!" நோண்டி அவசரமாக ஓட்டுகிற பக்கத்துக் கதவிடுக்கில் கம்பியை விட்டார். நிமிடத்தில் திறந்துகொண்டது. அன்றுதான் தன் கைராசியை மனதாரச் சபித்தார்.

அவள் அவரைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை. "ஏண்ணா வண்டி ஓடல?" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

அதற்குள் புருஷன் சுற்றி வந்துவிட்டான். சாவியைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது உங்க கடைச் சாவியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள்மேல் கை வைத்தால் போலீசுக்குப் போவேன் என்றும் சொல்லியிருக்கலாம். நோண்டியின் கண் அவனுடைய இன்னொரு கையிலிருந்த செங்கல்லிலேயே இருந்தது.

"இல்ல தம்பி. இவங்கள நான் பார்த்ததேயில்ல."

"அப்போ யாருடி போட்டுக் குடுத்தது?"

அவள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "இவரு இல்ல," என்றாள். "பஸ் ஸ்டாண்டு கடையில போட்டேன். இவர விடுங்க, போகட்டும்."

அவர் போனார்.