நீலக் காகிதத்தில் விழுந்த கடி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பல் டாக்டர். பெரிய மார்க்கெட் பக்கம் பதினெட்டு வருடமாக கிளினிக் வைத்திருக்கிறேன். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அருளப்பனுக்கு முழுப் பல் செட்டு கட்டிக் கொடுத்தேன். இரண்டாம் நாளே திரும்பி வந்துவிட்டார்.

"எடது பக்கம் இடிக்குது டாக்டர், சோறு மெல்ல முடியல."

இதற்கு நாங்கள் செய்வது ஐந்து நிமிட வேலைதான். பல்லுக்கு நடுவில் நீலக் காகிதத்தை வைத்துக் கடிக்கச் சொல்வோம். மை அழுத்தமாக ஒட்டுகிற இடத்தை ராவி விட்டால் சரியாகிவிடும். அன்று நல்ல கூட்டம். "ரெண்டு நாள்ல பழகிடும், போங்க ஐயா" என்று அனுப்பிவிட்டேன். சோம்பேறித்தனம், வேறென்ன.

மூன்றாம் நாள் மதியம் அவருடைய மகள் போன் செய்தார்.

"அப்பா போயிட்டாரு டாக்டர். வாயி உள்ள போயிக் கெடக்கு, எங்களுக்கு செட்டு மாட்டத் தெரியல. பெட்டியில வைக்கிறதுக்குள்ள வந்து போட்டு வுடுறீங்களா? மொகம் பாக்க சனம் வந்துடும்."

அரமும் நீலக் காகிதமும் இருக்கிற பையை எடுத்துக்கொண்டு நெல்லித்தோப்பில் அவர் வீட்டுக்கு ஓடினேன்.

அறையில் நானும் அவரும் மட்டும், மகள் கதவுக்கு வெளியே. தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து செட்டை மாட்டினேன். குற்ற உணர்ச்சியோ பழக்க தோஷமோ, இரண்டு பக்கமும் நீலக் காகிதத்தை நுழைத்து, என்னை அறியாமல் "கடிங்க ஐயா" என்று சொல்லிவிட்டேன்.

கடித்தார்.

என் கையே தாடையைத் தள்ளியிருக்கும் என்பீர்கள். என் இரண்டு கையும் காகித நுனியைப் பிடித்திருந்தன. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. பிறகு தாடை தானாகத் தளர்ந்தது. இடது கடைவாய்ப் பல்லில் மட்டும் ஒரு நீலப் பொட்டு. பாவம், அவர் சொன்னது சரிதான்.

செட்டைக் கழற்றி அந்த இடத்தை ராவி, மறுபடி மாட்டினேன். வழக்கமாகக் கேட்கிற "இப்ப சரியா இருக்கா?"வையும் கேட்டுத் தொலைத்தேன். டக், டக் என்று அவர் பல்லோடு பல் தட்டியது.

"என்னா டாக்டர் சத்தம்?" என்றார் மகள் வெளியிலிருந்து.

"ஒண்ணும் இல்லம்மா."

இப்போது யார் இடிக்கிறது என்றாலும் கூட்டத்தைக் காக்க வைத்து அங்கேயே ராவி விடுகிறேன். ரொம்பப் பொறுமையான டாக்டர் என்று பெயர். ஆனால் காகிதத்தை வைத்த பிறகு எனக்கு வாய் திறக்க வருவதில்லை, கையால்தான் காட்டுகிறேன். "கடிக்கணுமா டாக்டர்?" என்று அவர்களே கேட்கிறார்கள். தலையை மட்டும் ஆட்டுகிறேன்.